கார்பெட்டில் கறை பட்டால் என்ன செய்யலாம், என்ன செய்யவே கூடாது

சட்டையில் காபி கொட்டினால் கழற்றி, குழாயடியில் அலசி, பிழிந்து, கொடியில் போட்டுவிடலாம். தரையில் விரித்த கார்பெட்டில் கொட்டினால் இதில் ஒன்றுகூட நடக்காது. அலச முடியாது, பிழிய முடியாது, உதறவும் முடியாது. கார்பெட் கறை விஷயத்தில் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் பெரும்பாலும் இதிலிருந்துதான் பிறக்கிறது. தண்ணீரோ சோப்போ, நாம் உள்ளே விட்டது எதுவும் தானாக வெளியே போகாது. விட்டவர்தான் எடுக்க வேண்டும்.

இது எனக்குப் புரிவதற்குள் ஒரு கார்பெட் பாழானது. வெளிர் சாம்பல் நிறம், அதில் அரை டம்ளர் காபி. பதறிப்போய் ஒரு குவளைத் தண்ணீரில் துணி துவைக்கும் பவுடரை அள்ளிப் போட்டுக் கலக்கி, மொத்தத்தையும் ஊற்றி, பிரஷ்ஷால் சுழற்றிச் சுழற்றித் தேய்த்தேன். கறை போயே போய்விட்டது! மறுநாள் காலையில் பார்த்தால் அதே இடத்தில், முன்பைவிடப் பெரிதாக, ஓரம் மட்டும் பழுப்பேறிய ஒரு வட்டம். மறுபடியும் அதே வைத்தியம். ஒரு மாதத்தில் அந்த இடம் மட்டும் கறுத்துவிட்டது, இழைகளும் பஞ்சு பிரிந்த மாதிரி நின்றன. இப்போது அதன்மேல் ஒரு சின்ன மேசை நிற்கிறது. அன்று நான் நான்கு தப்பு செய்திருந்தேன். ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் வரும்.

இழை எது என்று முதலில் தெரிய வேண்டும்

கறை பட்ட பிறகு இதைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. இன்றைக்கே விரிப்பின் ஒரு மூலையைத் தூக்கி, அடியில் லேபிள் இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள். வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் நைலான், பாலியெஸ்டர், பாலிபுரொப்பிலீன் ஆகிய செயற்கை இழைகள். இவை ஓரளவு முரட்டு வைத்தியத்தையும் தாங்கும். கம்பளி அப்படியில்லை. அது நம் தலைமுடியைப் போலப் புரத இழை. குளோரின் பிளீச் பட்டால் கம்பளி நிறம் வெளுப்பதோடு நிற்காது, இழையே கரையத் தொடங்கும். காரம் அதிகமான சோப்பும் ஆகாது. புரதத்தைச் செரிக்கும் என்சைம் கலந்த கிளீனர்களும் ஆகாது, ஏனென்றால் அவை கறையையும் கம்பளியையும் பிரித்துப் பார்க்காது. பட்டுக்கும் இதே கதைதான்.

விஸ்கோஸ் என்று ஒன்று உண்டு. பட்டுப் போலப் பளபளக்கும், விலை குறைவாக இருக்கும், பார்த்ததும் வாங்கத் தோன்றும். வெறும் தண்ணீர் பட்டாலே அதன் இழைகள் சுருண்டு படுத்துவிடும், காய்ந்தபின் மஞ்சள் பூத்துவிடும். சணல் விரிப்பும் நனைந்தால் பழுப்பேறும். இந்த இரண்டில் கறை பட்டால் ஒற்றி எடுப்பதோடு நிறுத்திக்கொண்டு, மிச்சத்தைத் தொழில் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

லேபிள் இல்லையென்றால் ஒரு சோதனை இருக்கிறது. கண்ணில் படாத ஓரத்திலிருந்து ஒரே ஒரு இழையைப் பிடுங்கி, இடுக்கியால் பிடித்து, சமையலறைத் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் நொறுங்கினால் கம்பளி அல்லது பட்டு. உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் செயற்கை இழை. காகிதம் எரிந்த வாசனை வந்தால் பருத்தி, சணல், விஸ்கோஸ் இவற்றில் ஒன்று. சூடு ஆறும்வரை அந்த மணியைத் தொட வேண்டாம்.

கொட்டிய முதல் ஐந்து நிமிடம்

கெட்டியான பொருள் என்றால் ஸ்பூனின் விளிம்பால், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வழித்தெடுங்கள். திரவம் என்றால் வெள்ளைப் பருத்தித் துணியையோ, அச்சில்லாத டிஷ்யூ பேப்பரையோ நாலைந்தாக மடித்து அதன்மேல் வைத்து அழுத்துங்கள். கலர் துணி வேண்டாம், அதன் சாயம் இறங்கினால் அது வேறு ஒரு கறை. கையால் அழுத்துவது போதாது. துணியின்மேல் ஏறி நின்றால்தான் அடியில் இறங்கியது மேலே வரும். ஈரம் ஏறிய மடிப்பைத் திருப்பி, காய்ந்த பக்கத்தை வைத்து மறுபடி நில்லுங்கள். துணி காய்ந்தபடியே வரும்வரை இதைச் செய்துகொண்டே இருக்க வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் கறையில் பெரும்பங்கு இங்கேதான் வெளியேறும். இதற்கு அடுத்துச் செய்வதெல்லாம் மிச்சசொச்சம்.

தேய்க்கக் கூடாது. என் முதல் தப்பு இது. கார்பெட் நூலை உன்னிப்பாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் முறுக்கி நிறுத்தப்பட்டிருப்பது தெரியும். செயற்கை இழைகளில் அந்த முறுக்கைச் சூடேற்றி நிலைக்க வைத்திருப்பார்கள். பிரஷ் போட்டுத் தேய்த்தால் முறுக்கு அவிழ்ந்து நுனி சிலும்பிவிடும், அதைத் திரும்பப் பழையபடி ஆக்க வழியில்லை. கறை முழுதாகப் போன பிறகும் அந்த இடத்தில் வெளிச்சம் வேறு மாதிரி பட்டு, கறை இருப்பது போலவே தெரியும்.

அவசரப்படக் கூடாத சமயங்களும் உண்டு. ஈரச் சேறு ஒட்டினால் தொடாதீர்கள். நன்றாகக் காயவிட்டு, உடைத்து, வாக்குவம் போட்டால் பெரும்பாலும் போய்விடும். ஈரத்தோடு துடைத்தால் சேற்றைச் சாந்து பூசியது போல இழைகளுக்குள் அப்பிவிடுவோம். கரித்தூள், பிரிண்டர் டோனர் மாதிரிப் பொடிகளுக்கும் தண்ணீர் எதிரி. டோனர் மிக நுண்ணிய தூள் என்பதால், சாதாரண வாக்குவம் ஒரு பக்கம் உறிஞ்சி மறுபக்கம் காற்றில் ஊதிவிடும். நுண்தூசியைப் பிடிக்கும் வடிகட்டி உள்ள வாக்குவம்தான் வேண்டும். அதன் குழாய் முனையைப் பொடிக்குச் சற்று மேலே பிடித்து உறிஞ்சுங்கள்.

கால் டீஸ்பூன் கணக்கு

ஒற்றி முடித்தும் கறை தெரிகிறதா? சரி, இப்போதுதான் கரைசல். ஒரு கப், அதாவது சுமார் 250 மில்லி, வெதுவெதுப்பான தண்ணீர். அதில் பாத்திரம் கழுவும் நிறமற்ற திரவம் கால் டீஸ்பூன். கால் என்றால் கால்தான். “இவ்வளவு பெரிய கறைக்கு இத்துனூண்டா” என்று கை துறுதுறுக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். இழைகளில் தங்கும் சோப்பு காய்ந்தபின் பிசுபிசுவென்று ஒரு படலமாக நிற்கும், நடக்கிற காலில் இருக்கும் தூசியையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். என் கார்பெட் ஒரே மாதத்தில் கறுத்ததற்குக் காரணம் காபி இல்லை, நான் அள்ளிப் போட்ட பவுடர். இது இரண்டாவது தப்பு.

மூன்றாவது, அது துணி துவைக்கும் பவுடராக இருந்தது. துணிகள் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகப் பல பவுடர்களில் ஒளிரும் வேதிப்பொருள் கலப்பார்கள். துணியில் அது ஒவ்வொரு துவைப்பிலும் புதுப்பிக்கப்படும். கார்பெட்டிலோ ஒரே இடத்தில் படிந்து, நாளாக ஆக மஞ்சளித்துப் போகும்.

எந்தக் கரைசலானாலும் முதலில் மறைவான மூலையில் சோதித்துப் பார்க்க வேண்டும். வெள்ளைத் துணியை அதில் நனைத்து, மூலையில் பத்து நிமிடம் அழுத்தி வைத்து எடுங்கள். துணியில் நிறம் ஏறியிருந்தால் கார்பெட் சாயம் விடுகிறது என்று அர்த்தம், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கையால் முடிச்சிட்ட விரிப்புகளில் சிவப்பும் அடர்நீலமும் இப்படிக் கசிவது உண்டு.

சோதனையில் தேறினால் கரைசலைத் துணியில் நனையுங்கள், கார்பெட்டில் ஊற்றாதீர்கள். கறையின் வெளி ஓரத்தில் தொடங்கி உள்நோக்கி ஒற்றுங்கள். நடுவில் தொடங்கினால் வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். ஐந்து நிமிடம் ஊறவிட்டு, காய்ந்த துணியால் அழுத்தி எடுங்கள். துணியில் கறையின் நிறம் இறங்கிக்கொண்டிருக்கும்வரை இதையே தொடரலாம். நிறம் இறங்குவது நின்ற பிறகும் அதையே செய்துகொண்டிருந்தால் கார்பெட்தான் ஈரமாகும்.

அப்புறம் சோப்பை வெளியே எடுக்க வேண்டும். வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி, காய்ந்த துணியால் உறிஞ்சி, இரண்டு மூன்று முறை. பலரும் விட்டுவிடுகிற படி இதுதான். விரல் நுனியால் தொட்டால் வழுவழுப்போ பிசுக்கோ இருக்கக் கூடாது.

போன கறை காலையில் திரும்பி வருவது ஏன்

விளக்குத் திரி எண்ணெயை மேலே ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். கார்பெட் இழையும் அதையே செய்கிறது. அடியில் தேங்கிய காபித் தண்ணீர், இழை வழியாக ஏறி, நுனியில் வந்து ஆவியாகிறது. தண்ணீர் காற்றோடு போய்விடும், காபி நுனியிலேயே நின்றுவிடும். இரவு சுத்தமாகத் தெரிந்த இடம் காலையில் பழுத்திருப்பது இதனால்தான். தண்ணீரைக் குவளையாய்க் கவிழ்த்த என் நான்காவது தப்பின் பலன் இது.

இந்தத் திரி வேலையை நமக்குச் சாதகமாகவும் திருப்பிக்கொள்ளலாம். எல்லாம் முடிந்ததும் வெள்ளைத் துணிகளை ஒரு அங்குல உயரத்துக்கு அடுக்கி அந்த இடத்தில் வையுங்கள். மேலே ஒரு பிளாஸ்டிக் தாள், அதன்மேல் கனமான புத்தகங்கள் நாலைந்து. இரவு முழுக்க அப்படியே கிடக்கட்டும். காலையில் துணியைப் புரட்டினால், அடி மடிப்பில் மங்கலாக ஒரு பழுப்பு வட்டம் பதிந்திருக்கும். கார்பெட்டின் நுனிக்கு வந்திருக்க வேண்டிய கறை, ஒரு படி கூடுதலாக ஏறித் துணிக்குப் போயிருக்கிறது. முதல் முறை இதைப் பார்த்தபோது எனக்கு அபார சந்தோஷம்.

பிறகு ஃபேனைத் திருப்பி வைத்துக் காயவிடுங்கள். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளுக்குள் முழுதாகக் காய வேண்டும். அதைத் தாண்டி ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். தனியாகத் தூக்கக்கூடிய விரிப்பு என்றால் அந்தப் பகுதியைத் தூக்கி அடியில் காற்றோட வழி செய்யுங்கள். மரத் தரையாக இருந்தால் இது கட்டாயம்.

கறைக்கு ஏற்ற கைமுறை

மேலே சொன்னது பொதுவான முறை. கறையின் குணத்தைப் பொறுத்துச் சில மாற்றங்கள் உண்டு.

காபி, தேநீர் என்றால் சோப்புக் கரைசலுக்குப் பிறகு, ஒரு பங்கு வெள்ளை வினிகரை இரண்டு பங்கு தண்ணீரில் கலந்து ஒற்றி, பிறகு வெறும் தண்ணீரால் எடுக்கலாம். பழச்சாறு, கலர் குளிர்பானம் இவற்றில்தான் வம்பு. நைலான் நூலுக்கு ஏற்றுகிற சாயமும் சிவப்புக் குளிர்பானத்தில் இருக்கிற செயற்கை நிறமும் பெரும்பாலும் ஒரே வகையைச் சேர்ந்தவை. ஆகவே நைலான் கார்பெட்டில் குளிர்பானம் கொட்டுவது கிட்டத்தட்டச் சாயம் தோய்ப்பது போலத்தான். சூடு சேர்ந்தால் இன்னும் இறுகப் பிடிக்கும் என்பதால் குளிர்ந்த தண்ணீர் மட்டும். அதே பானம் பாலிபுரொப்பிலீனில் கொட்டினால் கவலை குறைவு. அந்த இழைக்கு நூல் இழுப்பதற்கு முன்பே, உருகிய நிலையிலேயே நிறம் கலந்துவிடுகிறார்கள், புதுச் சாயம் ஒட்டிக்கொள்ள அதில் இடம் கிடையாது.

எதற்கும் மசியாத வெளிர் நிறச் செயற்கை கார்பெட்டுக்குக் கடைசி ஆயுதம் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக் கடையில் பழுப்பு பாட்டிலில் கிடைக்கும், வெளிச்சம் பட்டால் வீரியம் போய்விடும் என்பதால் அந்த நிற பாட்டில். லேசாக நனைத்து அரை மணி நேரம் விட்டு ஒற்றுங்கள். இது வெளுப்பான், எனவே மூலைச் சோதனை இல்லாமல் தொடவே கூடாது. கம்பளிக்கும் பட்டுக்கும் வேண்டாம்.

ரத்தம், பால், முட்டை எல்லாம் புரதம். வெந்நீர் பட்டால் முட்டை வேகிற மாதிரி இழையிலேயே வெந்து பிடித்துக்கொள்ளும். முழுக்க முழுக்கப் பச்சைத் தண்ணீர்தான்.

எண்ணெய், வெண்ணெய், லிப்ஸ்டிக் இவற்றுக்குத் தண்ணீர் முதலில் வரக் கூடாது. ஒற்றி எடுத்து, சோள மாவை அள்ளித் தூவி, குறைந்தது அரை மணி நேரம் விட்டு வாக்குவம் போடுங்கள். பிறகு சோப்புக் கரைசல். அதற்கும் போகாவிட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டு ஒற்றலாம். பால்பாயின்ட் பேனா மைக்கும் இதே ஆல்கஹால்தான் மருந்து. ஆனால் தொட்டுத்தான் ஒற்ற வேண்டும், ஊற்றக் கூடாது. பெரும்பாலான கார்பெட்டுகளின் அடிப்பாகம் லேடெக்ஸ் பசையால் ஒட்டப்பட்டது. ஆல்கஹால், அசிட்டோன் மாதிரித் திரவங்கள் அதுவரை இறங்கினால் பசை இளகி, கார்பெட் அடுக்கடுக்காகப் பிரிய ஆரம்பிக்கும்.

மெழுகும் சூயிங்கமும் ஐஸுக்குப் பயப்படுகிற ஜாதி. பிளாஸ்டிக் பையில் ஐஸ் கட்டி போட்டு மேலே வைத்தால் கல்லாக இறுகும், ஸ்பூன் முதுகால் தட்டி உடைத்து எடுத்துவிடலாம். மெழுகில் எஞ்சியதை எடுக்க, வெள்ளைக் காகிதத்தை மேலே வைத்து இஸ்திரிப்பெட்டியால் லேசாகச் சூடு காட்டுவார்கள், மெழுகு காகிதத்தில் ஏறிவிடும். செய்யலாம், ஆனால் கவனம். மெழுகு உருகச் சுமார் 60 டிகிரி செல்சியஸ் போதும். பாலிபுரொப்பிலீன் இழை சுமார் 160 டிகிரியிலேயே உருகிவிடும், பருத்திக்கு வைக்கிற சூடு அதைவிட அதிகம். பெட்டியை ஆகக் குறைந்த சூட்டில் வைத்து, சில நொடிகளுக்கு ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.

நாற்காலிக் காலின் துருக் கறைக்குப் பிளீச் போட்டால் இன்னும் கெட்டியாகும். எலுமிச்சைச் சாற்றைத் தொட்டு ஒற்றிவிட்டு நன்றாக நீரால் எடுக்கலாம்.

இனி, செல்லப்பிராணி வைத்திருப்பவர்களின் தலைவலி. நாய், பூனை சிறுநீரில் கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம்தான். மேலே உள்ளங்கை அகலக் கறை என்றால், அடியில் அது தட்டு அகலத்துக்குப் பரவியிருக்கும். உடனே பார்த்துவிட்டால் ஏறி நின்று ஒற்றி, குளிர்ந்த நீர் விட்டு மறுபடி ஒற்றினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். காய்ந்துவிட்டால் யூரிக் அமிலம் படிகமாகி உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். சோப்பில் அது சரியாகக் கரையாது. ஈரப்பதம் ஏறும் நாளிலெல்லாம் நாற்றம் எழும்பும். இதற்கென்றே விற்கும் என்சைம் கிளீனர்தான் வழி. இந்த ஒரு இடத்தில் மட்டும் “ஊற்றாதே” என்ற விதி மாறுகிறது, ஏனென்றால் சிறுநீர் எவ்வளவு ஆழம் போனதோ அவ்வளவு ஆழத்துக்கு என்சைமும் போக வேண்டும். பாட்டிலில் சொன்ன நேரம்வரை ஈரமாகவே வைத்திருந்து, பிறகு உறிஞ்சி எடுங்கள். கம்பளி விரிப்பென்றால் அதற்கு உகந்தது என்று பாட்டிலில் எழுதியிருக்க வேண்டும். அமோனியா கலந்த கிளீனர் போடாதீர்கள், நாறுகிற சிறுநீரிலும் அதே வாசனைதான் இருக்கிறது, பிராணி அதே இடத்துக்குத் திரும்ப வரும். நீராவி இயந்திரமும் வேண்டாம், சூடு நாற்றத்தை நிலைக்க வைக்கும். பழைய இடங்கள் எங்கே என்று தெரியவில்லையென்றால் இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். மஞ்சள் பச்சையாக ஒளிரும் திட்டுகளின் எண்ணிக்கை உங்களைக் கொஞ்சம் அதிர வைக்கலாம்.

கலக்கக் கூடாதவை

வினிகரும் சமையல் சோடாவும் சேர்த்து நுரைக்க விடுவதைப் பலரும் சிபாரிசு செய்கிறார்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஒன்று அமிலம், மற்றது காரம். சேர்ந்ததும் ஒன்றையொன்று தீர்த்துவிட்டுத் தண்ணீரும், காற்றில் போகும் கார்பன் டை ஆக்சைடும், கொஞ்சம் உப்பும்தான் மிஞ்சும். நாற்றத்துக்குச் சோடாவைத் தனியாகத் தூவி வாக்குவம் போடுவது உருப்படியான வேலை.

வேடிக்கை இல்லாத கலவைகளும் உண்டு. குளோரின் பிளீச்சோடு அமோனியா சேர்ந்தாலும், வினிகர் சேர்ந்தாலும் நச்சு வாயு வரும். முதலில் ஒன்று போட்டு, சரியாக வரவில்லை என்று அதே ஈரத்தின்மேல் இன்னொன்றைப் போடுகிறபோதுதான் இது நடக்கிறது. கார்பெட்டுக்குக் குளோரின் பிளீச்சே தேவையில்லை என்பதால் அந்த பாட்டிலை இந்தப் பக்கம் கொண்டுவராமல் இருப்பது நல்லது.

கறையே இல்லாத கறை

கார்பெட்டில் வெளுத்த ஆரஞ்சுப் புள்ளிகள் எங்கிருந்தோ முளைத்திருந்தால், அவை ஒட்டியவை அல்ல, அங்கிருந்த நிறம் போய்விட்டது. முகப்பருவுக்குப் பூசும் பென்சாயில் பெராக்சைடு கிரீம் இதற்கு அடிக்கடி காரணம். கையில் மிச்சம் ஒட்டியிருக்க, கார்பெட்டில் ஊன்றி எழுந்தால் போதும். நீரால் எவ்வளவு துடைத்தாலும் இது போகாது. இத்தகைய சின்னப் புள்ளிகளுக்கும், நெயில் பாலிஷ் சொட்டு, சிகரெட் சுட்ட நுனி போன்றவற்றுக்கும் நான் திரவத்தைத் தேடுவதே இல்லை. சின்னக் கத்தரிக்கோலால் இழையின் நுனியை மட்டும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நறுக்கிவிடுவேன். அடர்த்தியான கார்பெட்டில் யாருக்கும் தெரியாது.

பட்டு, விஸ்கோஸ், பழமையான கைமுடிச்சு விரிப்பு, அடிமெத்தைவரை இறங்கிய சிறுநீர், இரண்டு முறை முயன்றும் நகராத கறை என்றால் ஆள் கூப்பிட்டுவிடுங்கள். வருகிறவர் முதலில் மூன்று கேள்வி கேட்பார்: என்ன கொட்டியது, எப்போது கொட்டியது, அதன்மேல் நீங்கள் என்னென்ன போட்டீர்கள். மூன்றாவது கேள்விக்குத்தான் எல்லாரும் கொஞ்சம் இழுப்பார்கள். நானும் அந்தச் சாம்பல் கார்பெட்டுக்காக ஒருவரைக் கூப்பிட்டபோது “சும்மா தண்ணீர் விட்டுத் துடைத்தேன்” என்றுதான் சொன்னேன். அவர் பதில் பேசாமல் ஈரத்துணியால் அந்த இடத்தை நாலு முறை அழுத்தினார். வெள்ளை நுரை பொங்கி வந்தது.